பின்பக்கம் காலியாக இருக்க வேண்டும்

ஜனவரி 12

அக்கா,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதி மடித்துப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பார்க்கப் போனால் அது பொய்யும் இல்லை. கடன் வந்துவிட்டது. பேக்கரிக்குப் புது அடுப்பும் வந்து இறங்கிவிட்டது. அது கடைக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடிக்க, கதவு நிலையைப் பெயர்த்து, பக்கச் சுவரையும் கொஞ்சம் இடித்து உள்ளே தள்ளினோம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. எதிர்க்கடை மெக்கானிக், "ஏம்ப்பா, கடைக்கு அடுப்பு வாங்கினியா, அடுப்புக்குள்ள கடை வைக்கப் போறியா?" என்று கேட்டார். உன் மகள் கல்லூரிக்குக் கட்ட வேண்டியதையும் அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்திருக்கும்.

இவ்வளவையும் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எந்த மணி அடித்தாலும் சித்தப்பாதான் முதலில் ஓடி வருகிறார். வாசல் மணியோ தொலைபேசி மணியோ, பின்பக்கத்திலிருந்து அந்த வயதிலும் ஒரே ஓட்டம். நான் எடுத்தாலும் விடுவதில்லை. "யாரு, பாப்பாவா? குடு, குடு" என்று பிடுங்கிக்கொள்கிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். நீயும் பதிலை வீட்டுக்குப் போடாதே, கடைக்குப் போடு. தபால்காரரிடம் தபால் வாங்குவதும் அவர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை அடமானம் வைக்க நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோமே, அதில் வங்கி சில நிபந்தனைகள் போட்டிருக்கிறது. நம் வீட்டுக்குப் பின்னால் புதுச் சாலை வரப்போவதாக நகரத் திட்டத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். சாலை வந்தால் பின்பக்க நிலத்தின் விலை எங்கேயோ போய்விடும். வங்கிக்காரர்கள் நம் பழைய வீட்டைப் பார்த்துக் கடன் தரவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தந்தார்கள். சாலை வந்ததும் நிலத்தை மனைகளாகப் பிரிக்க வேண்டும். அதுவரை அங்கே புதிதாக எதுவும் கட்டக் கூடாது. இருக்கிற கட்டடத்தை ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். யாரும் குடியிருக்கக் கூடாது. மீறினால் மொத்தக் கடனையும் ஒரேயடியாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இருக்கிற கட்டடம் எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பாவின் அறைதான்.

இன்னும் இருக்கிறது. நிலத்துக்கு மதிப்புப் போட வங்கி ஆள் வருகிற அன்று, அங்கே மனுஷன் இருப்பது தெரிந்தால் கடனே கிடைக்காது என்று கடனுக்கு ஏற்பாடு செய்த தரகர் பயமுறுத்தினார். நான் சித்தப்பாவை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். வீட்டில் என் மனைவி அவர் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தி, நம் கடை மாவு மூட்டைகளை அங்கே அடுக்கி, சாமான் அறை மாதிரி ஆக்கினாள். நாங்கள் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டாள். ஆள் வந்தார், பார்த்தார், 'சாமான் அறை, இடிக்கப்படும்' என்று எழுதிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் சித்தப்பாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். ஊரெல்லாம் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும், ஆனால் பஸ்ஸில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "சர்வீஸ் பூராவும் நின்னுக்கிட்டே போனவன்டா நான். இன்னைக்குத்தான் பயணியா போறேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். வழியெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த நாளைப் பற்றி இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "என் அண்ணன் மகன், கடையை மூடிட்டு என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனான்."

அக்கா, நீ அவருடைய செல்லம். நீ சொன்னால் கேட்டுக்கொள்வார். நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடேன்.

தம்பி


ஜனவரி 21

பன்னு,

உன்னை இந்தப் பெயரில் கூப்பிட எனக்கு இப்போது மனமில்லை. பழக்கதோஷம், கை எழுதிவிட்டது.

உன் கடிதத்தை எக்ஸ்ரே அறை வாசலில் நோயாளிகள் வரிசையில் நிற்கும்போதே பிரித்துவிட்டேன். உள்ளே ஒருவரை நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொன்னவள், "விடுங்க" என்று சொல்ல மறந்துபோனேன். பாவம், அந்த மனுஷன் முகம் சிவந்து நின்றார்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஜன்னல் ஓரம் உட்கார வைத்து அறுத்திருக்கிறாய். இந்த யோசனை உனக்கு வந்ததா, உன் பெண்டாட்டிக்கு வந்ததா? யாருக்கு வந்திருந்தாலும் சரி, மாவு மூட்டை சுமந்த அந்தத் தோளுக்கு ஒரு பொன்னாடை போர்த்து.

உனக்கு மறந்துவிட்டது என்றால் நினைவூட்டுகிறேன். பாகம் பிரித்தபோது பாதி வீடு சித்தப்பாவுடையது. "கல்யாணம் ஆகாத கட்டைக்கு எதுக்கு வீடு? பிள்ளைங்க இருக்கிற அண்ணன் வச்சுக்கட்டும்" என்று அப்பா பெயருக்கே எழுதிக் கொடுத்தார். பின்னால் ஓர் அறை கட்டிக்கொள்கிறேன், அது போதும் என்றார். அப்பா, "உன் காலம் வரைக்கும் அது உன் இடம்" என்றார். காகிதத்தில் எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எழுதிக்கொள்வது அசிங்கம் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அந்த அசிங்கத்தைப் பார்க்காமல் எழுதியிருந்தால் இன்றைக்கு நமக்கு இந்த அசிங்கம் வந்திருக்காது. சித்தப்பா தானே செங்கல் சுமந்து கட்டிய அறை அது. நீ சாந்துச் சட்டிக்குள் உட்கார்ந்து அழுததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவு நேரம் உன்னைத் திட்டி எழுதினேன். இனிமேல் எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை இரண்டு முறை மூடி வைத்தேன். நீ அனுப்பிய காகிதங்களில் எங்கெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாயோ அங்கெல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். 'பின்பக்கம் காலியாக இருக்க வேண்டும்' என்ற வரியைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் சித்தப்பாவின் நீலக் கதவு கண் முன்னால் வந்தது. ஏதோ வழக்கமாக எழுதுகிற வாசகமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டேன். கல்லூரிக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே நான் உத்தமி இல்லை. ஆனாலும் நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர், "சரிம்மா" என்பார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார். அந்தச் "சரிம்மா"வைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. கூட்டிக்கொண்டு போனவன் நீ, நீயே சொல்.

அக்கா


பிப்ரவரி 5

அக்கா,

சொல்லத்தான் போனேன். சத்தியமாகப் போனேன். புது அடுப்பில் முதலில் எடுத்த ரொட்டியில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனேன். வெறும் கையோடு போகக் கூசியது.

அவர் கட்டில்மேல் ஏறி நின்று சுவரில் பலகை அடித்துக்கொண்டிருந்தார். "வா, வா, நல்ல நேரத்துல வந்தே. ஆணியைப் பிடி" என்றார். பிடித்தேன். எதற்குப் பலகை என்று கேட்டேன். "பேத்தி படிச்சு முடிச்சு வந்தா புஸ்தகம் வைக்க இடம் வேணாமா? முன்னாடி வீட்டுல உன் சத்தத்துல யாரால படிக்க முடியும்?" என்றார். அக்கா, அவர் அடித்த பலகைக்கு ஆணி பிடித்துக் கொடுத்துவிட்டு, அறையை இடிக்கப்போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

ரொட்டியைப் பிய்த்துத் தின்று, "அடுப்பு நல்ல அடுப்புடா. ஒரே சீரா வெந்திருக்கு" என்றார். பிறகு ஏரிக் கதையை ஆரம்பித்தார். கூட வந்த எனக்கே சொன்னார்.

வேறு வழி தெரியாமல் ஒரு பொய் சொன்னேன். கூரை பலமில்லை, மழைக் காலத்துக்குள் முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள், கூடத்தில் கட்டில் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "ஆமா, பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையில் கடையிலிருந்து வந்து பார்த்தால், மனுஷன் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறார். விரிசல் விட்ட இடத்தையெல்லாம் சிமெண்டு வைத்துப் பூசிக்கொண்டிருக்கிறார். "இனிமே உனக்குப் பயமே வேணாம். பத்து மழை தாங்கும்" என்று மேலிருந்து கத்தினார். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது என் விஷயத்தில் சரியாகிவிட்டது. இடிக்க வேண்டிய அறை முன்பைவிடப் பலமாக நிற்கிறது.

நீ என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று ஒரு வழி சொல்லிவிட்டுத் திட்டு.

தம்பி


பிப்ரவரி 16

பன்னு,

வழி கேட்டாய். ஒரு வழிதான் தெரிகிறது, வங்கிக்குப் போய் உண்மையைச் சொல்வது. அந்த அடுப்பைத் திருப்பிக் கொடு. பழைய அடுப்பில் ரொட்டி வேகாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடந்தது?

எழுதிவிட்டு யோசித்துப் பார்த்தேன். அடுப்பைத் திருப்பிக் கொடுக்கலாம். மகள் சேர்ந்துவிட்ட கல்லூரியை எங்கே திருப்பிக் கொடுப்பது? நீ அதைச் சொல்லிக் காட்டுவாய் என்று தெரியும். சொல்லிக் காட்டாமல் இருந்தால் இன்னும் வலிக்கும்.

அதனால் நானும் உன்னைப் போல ஒரு வேலை செய்தேன். என்னைச் சொல்வதற்கு உனக்கும் ஒன்று கிடைக்கட்டும். சித்தப்பாவுக்குத் தொலைபேசி செய்தேன். "பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிட்டா, வீடே வெறிச்சுனு இருக்கு. கொஞ்ச நாள் எங்ககூட வந்து இருங்க சித்தப்பா" என்றேன். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பு பொய் இல்லை. காரணம்தான் பொய்.

அவர் கேட்டார், "எத்தனை நாளைக்கும்மா? துணி எத்தனை எடுத்துக்கணும்னு தெரியணுமில்ல."

பக்கத்தில் உன் அத்தான் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க இஷ்டம் சித்தப்பா" என்றேன். "அப்ப இப்போதைக்கு வேணாம்மா. வாசல்ல மணி அடிச்சா கதவைத் திறக்க ஆள் வேணும்ல இங்க? உன் தம்பி கடையே கதின்னு கிடக்கான்" என்று வைத்துவிட்டார்.

அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அல்லது அப்படித் தோன்றுவது என் மனசாட்சியாக இருக்கலாம். இரண்டுக்கும் இப்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 10

அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நடுவில் எனக்கு நானே வக்கீலாக மாட்டேன்.

நேற்று வங்கி அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். ஆறு மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். இது நடுவில் வந்து பார்ப்பது, வழக்கம்தான் என்றார். வாசல் மணி அடித்தபோது கதவைத் திறந்ததே சித்தப்பாதான். அதிகாரியை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கடைக்கு ஆள் அனுப்பி என்னை வரவழைத்திருக்கிறார். நான் வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தபோது அதிகாரி பின்பக்கம் நின்றுகொண்டிருந்தார். நீலக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டில், பலகை, கண்ணாடி, சுவரில் நம் அப்பா படம். சாமான் அறை என்று எந்தக் குருடனும் சொல்ல மாட்டான்.

"இங்க யாராவது குடியிருக்காங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா துடைப்பத்தோடு முன்னால் வந்தார். "யாரும் இல்லைங்க சார். நான் வேலைக்கு வந்தவன். ரூமைக் காலி பண்ணச் சொன்னாங்க, ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அதிகாரி துணிக்கொடியைக் காட்டினார். "அப்ப இந்தச் சட்டை?"

"என்னுதுதான் சார். வேலை செய்யறப்ப கழட்டிப் போட்டுருவேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பி, "கூலி ஆளுங்களை ராத்திரி தங்க விடாதீங்க. அப்புறம் கிளப்பவே முடியாது" என்று புத்தி சொன்னார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி சார்" என்றேன்.

அதோடு விடவில்லை சித்தப்பா. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்து, "முதலாளி, மீதியை நாளைக்குச் செய்யவா?" என்று கேட்டார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் டிப்போவெல்லாம் சுற்றிக் காட்டிய மனுஷன் அக்கா. தலையை ஆட்டினேன். அவர் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, வாசல் வழியாகத் தெருவில் இறங்கி நடந்து போய்விட்டார். அதிகாரி கிளம்பிப் போன பிறகுதான் திரும்பி வந்தார். தெருமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிரித்தார். "செக்கிங் இன்ஸ்பெக்டர் பஸ்ல ஏறினா கண்டக்டருக்குத் தெரியாதாடா? ஏரிக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கே என் கட்டிலுக்கு அடியில மாவு கொட்டிக் கிடந்துச்சு. ரூமை இடிக்கப் போறாங்கன்னு தெருவுலயும் பேசிக்கிட்டாங்க."

அப்படியென்றால் கூரையைப் பூசியது? பலகை அடித்தது? கேட்டேன். "நல்லா இருந்தா இடிக்க மனசு வராதோன்னு பாத்தேன்" என்றார். பிறகு அவரே, நான் அழுகிறேன் என்று தெரிந்து, "அதை விடு. பஸ்ல நிஜமாவே நல்லா இருந்துச்சுடா" என்றார்.

அக்கா, நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். "இவர் என் சித்தப்பா" என்று மூன்று வார்த்தை சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

தம்பி


மார்ச் 17

பன்னு,

உன்னைத் திட்டுவதற்காக நான்கு முறை ஆரம்பித்து நான்கையும் கிழித்துப் போட்டேன். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். கையெழுத்துப் போடும்போது பேசாதவள்தானே.

அடுத்த வாரம் லீவு போட்டு வருகிறேன். அவரை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் முன்னால் நாம் இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். அவர் சமாதானம் பண்ண வந்துவிடுவார்.

அக்கா


மே 4

அக்கா,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகச் சித்தப்பா அன்றைக்கே பேசினார். ரயிலில் எதிர் சீட்டுக்காரருக்குத் தன் ஜன்னல் ஓரத்தைக் கொடுத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். நீ ஏன் விட்டாய்?

அறையை இடித்தாயிற்று. நீ வந்திருந்தபோதே அவர் பாதியைப் பிரித்து வைத்துவிட்டாரே, மீதிக்கு ஒரு பகல்கூட ஆகவில்லை. கூரை மட்டும் உடைய மறுத்தது. "யாருங்க பூசினது? இரும்பு மாதிரி இருக்கு" என்று இடிக்க வந்தவர்கள் கேட்டார்கள். நான் கடையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டேன்.

இப்போது பின்பக்கம் காலியாக இருக்கிறது. வங்கி எப்படிக் கேட்டதோ அப்படி. அதிகாரி வந்து பார்த்து, "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க" என்று பாராட்டினார். இவள் சமையலறைப் பின்ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டுவிட்டாள். வெயிலுக்கு என்கிறாள். அந்தப் பக்கம் வெயில் வருவதில்லை.

வியாபாரம் நன்றாகப் போகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகப் போகிறது.

இன்னொன்று. புதுச் சாலையை நமக்குப் பின்னால் போடப் போவதில்லையாம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். இன்னும் முடிவாகவில்லை, முடிவாக வருஷக்கணக்கில் ஆகும் என்று நகராட்சியில் சொன்னார்கள். சாலை வந்தாலும் வராவிட்டாலும் நிபந்தனை நிபந்தனைதானே என்று வங்கியில் சொன்னார்கள். வராத சாலைக்கு வழிவிட்டு நிற்கிறது நம் நிலம்.

வாசல் மணி அடித்தால் இப்போது ஓடிப் போய்க் கதவைத் திறக்க ஆளில்லை. நான் எழுந்து போவதற்குள் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

தம்பி


ஜூன் 19

பன்னு,

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் பல நாள் வைத்திருந்தேன். உன் பாரமே உனக்குப் போதும் என்று நினைத்தேன். ஆனால் தனியாகச் சுமக்க முடியவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதானே, பாதி நீ எடுத்துக்கொள்.

சித்தப்பா இங்கே சௌகரியமாகத்தான் இருக்கிறார். மகளுடைய அறையைக் கொடுத்திருக்கிறோம். மாடிக் குடியிருப்பில் எல்லோரும் அவரைத் தாத்தா என்கிறார்கள். உன் அத்தானோடு சேர்ந்து பத்திரிகை படித்து, அரசியல் பேசி, சண்டைகூடப் போடுகிறார். ஆனால் வந்த நாளிலிருந்து ஒரு காரியம் செய்கிறார்.

இங்கே வாசல் மணி அடித்தால் அவர் கதவைத் திறப்பதில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொள்கிறார். குடையை எடுத்துக்கொள்கிறார். எங்களில் யார் கதவைத் திறக்கிறார்களோ அவர்களைத் தாண்டி, வந்தவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போய்விடுகிறார். முதல் தடவை வீட்டுச் சொந்தக்காரர் வந்திருந்தார். சித்தப்பா காலாற நடக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

இல்லை, அப்படி நினைக்கவில்லை. உனக்குப் பொய் எழுத மாட்டேன். எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. வீட்டுக்காரர் உள்ளே வந்தபோது சித்தப்பா வெளியே போனார், எனக்கு 'அப்பாடா' என்று இருந்தது. அந்த அப்பாடாதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

நேற்று எனக்கு விடுமுறை. மணி அடித்தது. சலவைக்காரர் துணி கொண்டு வந்திருந்தார். கணக்குப் பார்த்து வாங்கி வைத்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். சித்தப்பா கீழே இறங்கிப் போகவில்லை. மாடிப்படி திருப்பத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் இடம் விட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். பஸ்ஸில் எப்படி நிற்பாரோ அப்படி.

"இங்க ஏன் நிக்கிறீங்க சித்தப்பா?" என்றேன்.

"யாரோ வந்திருக்காங்கள்ல. போனதும் வரேம்மா."

"சலவைக்காரர்தான் வந்தார்."

"யாரா இருந்தா என்ன? நான் இங்க தங்கியிருக்கறது தெரிஞ்சு உனக்கு ஏதாவது சிக்கல் வந்துரக் கூடாது பாரு. கேட்டா நான் சும்மா பார்க்க வந்தவன்னு சொல்லிடறேன்."

குரலில் கோபமோ குத்தலோ துளிகூட இல்லை. குத்திக் காட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். "உள்ள தள்ளி நில்லுங்க" என்று பயணிகளிடம் சொல்வாரே, அந்த மாதிரி சாதாரணமாகச் சொன்னார். படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் குடையை விரித்து என்னை மறைத்து நின்றார். போகிறவர்கள் பார்த்துவிடுவார்களாம்.

நாம் அவருடைய அறையை மட்டும் இடிக்கவில்லை, பன்னு.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று கடையைப் பாதியில் மூடிவிட்டு வங்கிக்குப் போனேன். அதே அதிகாரி இருந்தார். "மார்ச் மாசம் துடைப்பத்தோட நின்னாரே, அவர் கூலி ஆள் இல்ல சார். என் சித்தப்பா. அது அவர் ரூம்" என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கடன் கொடுக்கும் முன்பே மறைத்தீர்களா என்றார். ஆமாம் என்றேன். மேலிடத்துக்கு எழுதினால் என்ன ஆகும் தெரியுமா என்றார். தெரியும், எழுதுங்கள் என்றேன்.

எழுதியிருக்கிறார். பின்பக்கத்தில் ஓர் அறை அளவு நிலத்தை அடமானத்திலிருந்து விடுவித்துத் தரும்படி நானும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். கிடைத்தாலும் அந்த அளவுக்குக் கடனை உடனே குறைக்க வேண்டும். கிடைக்காமலே போகலாம், மொத்தத்தையும் கேட்டாலும் கேட்பார்கள். புது அடுப்பை வாங்கிக்கொள்ள ஆள் பார்த்துவிட்டேன். மெக்கானிக், "மறுபடியும் சுவரை இடிக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன் மகள் படிப்பு நிற்காது, அது என் பொறுப்பு.

இவள் ஜன்னல் திரையைக் கழற்றிவிட்டாள். நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லாதே. சொன்னால், "எனக்கு எதுக்குடா இவ்வளவு?" என்பார். நான் நேரில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நான் வருவது உனக்கும் தெரியாத மாதிரியே இரு.

நான் வந்து வாசல் மணியை அடிப்பேன். நீ அவரைத் தடுக்காதே, உட்கார வைக்காதே. சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு அவர் எப்போதும் போல வெளியே வரட்டும். வாசலை அடைத்துக்கொண்டு நான் நின்றிருப்பேன்.

தம்பி